நோயாளிக்கு ஒரு பிரெட்

ஜூலை 3, புதன்

இன்றைக்கும் ஒரு பிரெட் வந்துவிட்டது. 'ஒரு பிரெட்' என்று எழுதக் கூடாதுதான். ஆங்கிலத்தில் பிரெட் எண்ணிக்கையில் அடங்காத சொல். முழுசாக இருந்தால் ஒரு லோஃப் என்றோ, வெட்டிய துண்டானால் ஒரு ஸ்லைஸ் என்றோ சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திய காலமெல்லாம் இதைச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியது. ஆனால் பாளையங்கோட்டை பேக்கரியில் போய் ஒரு லோஃப் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் அந்த அயிட்டம் நாளைக்குத்தான் வரும் என்று சொல்லிவிடுவார்.

நம்மவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போது பிரெட் வாங்குவதில்லை. காய்ச்சல் வந்தால் வாங்குவார்கள், ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனால் வாங்குவார்கள். ரஞ்சிதத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பிரெட், ஒரு ஹார்லிக்ஸ், நாலு ஆப்பிள் என்று கொண்டுவந்து தலைமாட்டு அலமாரியில் அடுக்குகிறார்கள். பாஸ்டர் ஐயாவும் ஜெபம் பண்ணி முடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பிரெட்டைத்தான் எடுத்தார். என் மனைவிக்கோ தன் எச்சிலையே விழுங்க முடியவில்லை.

போன வாரம் அவள் வேலை பார்க்கும் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருந்தபடியே சரிந்துவிட்டாள். பக்கவாதம். கையும் காலும் மெல்லத் திரும்பிவிடும் என்கிறார் டாக்டர். பேச்சு குழறுகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. விழுங்குவதுதான் போய்விட்டது. வாயில் எதைக் கொடுத்தாலும் இரைப்பைக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குள் போய்விடுமாம், அப்படிப் போனால் உயிருக்கே ஆபத்தாம். மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில் கஞ்சித் தண்ணீர் விடுகிறார்கள்.

கட்டிலுக்கு மேலே ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆங்கிலத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது புரியாது. நான் தமிழில் இன்னொன்று எழுதி மாட்டினேன். 'வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. தண்ணீரும் கூடாது.' கையெழுத்து அழகாக வந்திருக்கிறது. தலைக்கு நேர் மேலே இருப்பதால் ரஞ்சிதத்தால் அதைப் படிக்க முடியவில்லை. நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

மாணவர் மாத இதழுக்கு 'ஒரு சொல், பல பயன்' பகுதி எழுதி அனுப்ப வேண்டும். இந்த மாதத்துச் சொல் தானாக வந்து அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கவும் ஆள் உண்டு என்று இப்போதுதான் தெரியும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஸ்பீச் தெரபிஸ்ட்டுதான் அதையும் பார்க்கிறார். பெயர் ஷமீமா, மேலப்பாளையத்துப் பெண். என் கடைசி பேட்ச் மாணவிகளின் வயதுதான் இருக்கும். உள்ளே வந்ததும் பிரெட் குவியலைத்தான் முதலில் பார்த்தாள்.

"இதெல்லாம் யார் சார் சாப்பிடுறது?"

"நான்தான்."

"அப்ப சரி. அம்மா பக்கத்துல மட்டும் போயிடக் கூடாது. பிரெட்டு மெத்துன்னு இருக்கு, நோயாளிக்கு நல்லதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. விழுங்க முடியாதவங்களுக்கு அதைவிட மோசமானது கிடையாது. வாய்க்குள்ள போனதும் பசையா ஆயிடும். அப்படியே தொண்டையில ஒட்டிக்கும்."

"பால்ல தோய்ச்சுக் குடுத்தா?"

"அது இன்னும் மோசம் சார். பால் முன்னால ஓடிடும், பிரெட் பின்னால வரும். பாவம், தொண்டை எதுக்குன்னு மூடும்?"

அறுபது வருஷமாகக் காய்ச்சல்காரர்களுக்குப் பாலில் தோய்த்த பிரெட்டைக் கொடுத்து வந்த சமூகத்தின் சார்பில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கெட்டித் தயிரை அரை ஸ்பூன் எடுத்து ரஞ்சிதத்தின் நாக்கில் வைத்தாள். தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்க வேண்டும், விழுங்க வேண்டும், மறுபடியும் ஒரு தரம் வெறுமனே விழுங்க வேண்டும், பிறகு 'ஆ' என்று சொல்ல வேண்டும். அந்த 'ஆ'வில்தான் எல்லாம் இருக்கிறது. குரல் காய்ந்திருந்தால் சரியான வழியில் இறங்கியிருக்கிறது. நனைந்து கொழகொழவென்று வந்தால் தப்பான வழியில் போயிருக்கிறது. சிலருக்கு இருமல்கூட வராதாம்; சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடுமாம். அதைக் கேட்டதிலிருந்து அவள் மூச்சு ஒவ்வொன்றுக்கும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று இரண்டு அரை ஸ்பூன். இரண்டு 'ஆ'வும் காய்ந்திருந்தது. இப்படியே போனால் சீக்கிரம் மூக்குக் குழாயை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எல்லாவற்றையும் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டேன்.

மத்தியானம் கட்டுரை முடிந்தது. எப்போதும் ரஞ்சிதம்தான் என் முதல் ரசிகை என்பதால் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ஆங்கிலேயர் வீட்டுக் காலை மேஜையிலிருந்து தொடங்குகிறேன். பிரெட்டை வாட்டும்போது எழும் மணம், சூட்டோடு வெண்ணெய் தடவினால் அது உருகி உள்ளே இறங்குவது, மேல் ஓரத்தின் மொறுமொறுப்பு. அங்கிருந்து பிரெட் அண்ட் பட்டர் என்றால் பிழைப்பு என்பதற்கு வருகிறேன். வெண்ணெய் எந்தப் பக்கம் தடவியிருக்கிறது என்று அறிந்தவன் என்றால் தனக்கு ஆதாயம் எங்கே என்று தெரிந்த காரியக்காரன். ஏதாவது புதுப் பொருளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால், ஸ்லைஸ் போட்ட பிரெட்டுக்குப் பிறகு வந்ததிலேயே இதுதான் பெரிய அதிசயம் என்பார்கள். பேச்சு வழக்கில் பணத்துக்கே பிரெட் என்று பெயர் உண்டு. அவர்கள் ஜெபத்தில் அன்றாடம் பிரெட் கேட்கிறார்கள். நம்முடைய ஜெபத்தைத் தமிழாக்கியவர்கள் அந்த இடத்தில் ஆகாரம் என்று போட்டார்கள். புத்திசாலிகள். பிரெட் என்றே போட்டிருந்தால் நாம் நோயைக் கேட்கிறோம் என்று கர்த்தர் நினைத்திருப்பார். வேறொரு நாளாக இருந்தால் இந்த வரிக்கு ரஞ்சிதம் சிரித்திருப்பாள்.

வெண்ணெய் உருகும் இடம் நடை நன்றாக விழுந்திருந்ததால் இரண்டாம் முறையும் படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரசிக்கும்போது அப்படித்தான் மூடுவாள். கடைவாயில் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

"போங்க," என்றாள் குழறலாக. "போயி... சாப்பிடுங்க."

இந்த நிலையிலும் என் சாப்பாட்டைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை.

ஜூலை 5, வெள்ளி

ஷமீமா முன்னிலையில் இன்று நான் தயிர் கொடுத்தேன். "தாடையை இறக்கு, இன்னும் இறக்கு, ம், விழுங்கு, அவசரப்படாதே, இன்னொரு தடவை, அதான் நேத்துச் சொன்னேன்ல" என்று ஒன்று விடாமல் சொன்னேன். முதல் ஸ்பூனிலேயே புரையேறிவிட்டது. முகம் சிவந்து கண்ணில் நீர் வந்து, அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. அடுத்த கட்டில் நோயாளியின் அம்மா, "யாரோ நெனைக்காவ" என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், வேறு யார் நினைக்க வேண்டும்.

ஸ்பூன் ஆழமாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேறு வாங்க வேண்டும்.

ஜூலை 6, சனி

ரஞ்சிதத்தின் அக்கா தங்கபுஷ்பம் மைனி சாயர்புரத்திலிருந்து வந்தார். வாசலில் நுழையும்போதே அழுகை, கையில் பிரெட். அட்டையைக் காட்டினேன். "படிச்சேன் தம்பி, எனக்கும் எழுத்து தெரியும்" என்றார். இருந்தாலும் ஷமீமா சொன்னதை எல்லாம் ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். பாதியில் கொட்டாவி விட்டார்.

அக்காவைக் கண்டதும் ரஞ்சிதத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அவளுடைய நல்ல கை அக்காவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டு பேரும் என்னவோ குசுகுசுவென்று பேசினார்கள். குழறும் அந்தப் பேச்சு மைனிக்கு எப்படிப் புரிகிறதோ. நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும்.

"நீங்க வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு வாங்க," என்றாள் ரஞ்சிதம். அவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசி நாளாயிற்று. சந்தோஷத்தில் கிளம்பிவிட்டேன். வழியில் கட்டுரையைத் தபாலில் சேர்த்தேன், தட்டையான ஸ்பூன் வாங்கினேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் ரஞ்சிதத்துக்குக் காய்ச்சல். மூச்சு இழுத்து இழுத்து வாங்கினாள். 'ஆ' சொல்லச் சொன்னேன். வந்தது 'ஆ' இல்லை, தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து வருகிற சத்தம்.

நர்ஸ் படுக்கையை உதறியபோது தலையணைக்கு அடியில் பிரெட்டின் ஓரத் துண்டு கிடந்தது. பால் வாடை அடித்தது. மைனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மைனி, நீங்க குடுத்தீங்களா?"

"ஆமா தம்பி. ரெண்டு வாய்தான். பால்ல நல்லா ஊறவச்சித்தான்..."

அதற்குப் பிறகு நான் பேசியது வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். எழுத்து தெரியும் என்றீர்களே, இதில் எந்த எழுத்து தெரியவில்லை என்று கேட்டேன். தங்கச்சியைக் கொல்லத்தான் பஸ் ஏறி வந்தீர்களா என்றும் கேட்டேன். ரஞ்சிதம் படுக்கையிலிருந்து என்னவோ சொல்லப் பார்த்தாள். மைனி அவளைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, "சரி தம்பி, நான் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தார். இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று முதுகுக்குப் பின்னால் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் ரஞ்சிதத்தை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நிமோனியா.

ஜூலை 8, திங்கள்

உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்.

ஜூலை 10, புதன்

கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டும் அனுமதி. முகத்தில் மாஸ்க், நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது. டாக்டரிடம் பிழைத்துவிடுவாளா என்று கேட்டேன். "மருந்து கேக்குதான்னு பாப்போம்" என்றார். இருபது வருஷம் வகுப்பில் சொற்களோடு மாரடித்தும் 'பார்ப்போம்' என்ற சொல் எனக்கு இவ்வளவு பயங்கரமாகத் தெரிந்ததில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிரெட் தின்கிறேன். கேன்டீனுக்குப் போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பூசணம் பிடித்த ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தின்கிறேன். பைத்தியம் பிடித்தவன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

மாத இதழ் ஆசிரியர் போன் செய்தார். கட்டுரை பிரமாதம், சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குகிறவர் என்று பொருள்படும் பிரெட்வின்னர் என்ற சொல்லை விட்டுவிட்டீர்களே, ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள் என்றார். வகுப்பில் நான் எப்போதும் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: என் தந்தைதான் எங்கள் குடும்பத்தின் பிரெட்வின்னர். வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சம்பளம் வருவதும் வராததும் மேனேஜரின் மனநிலையைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது தபால் ஆபீஸ் கவுன்டரால். பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

மைனியிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

ஜூலை 13, சனி

மருந்து கேட்டுவிட்டது. வார்டுக்கு வந்துவிட்டோம். ரஞ்சிதம் எலும்பும் தோலுமாக இருக்கிறாள், ஆனால் என்னைப் பார்க்கிறாள்.

மூக்குக் குழாயை இரண்டு முறை பிடுங்கி எறிந்துவிட்டாள். நர்ஸ் அவளுடைய நல்ல கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார். கட்ட வேண்டாம், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதை இடது கையால் எழுதுகிறேன். என் மாணவர்கள் யாராவது இந்தக் கையெழுத்தைப் பார்த்தால் மானம் போய்விடும்.

டாக்டர் வந்து பேசினார். மூக்குக் குழாய் சரிப்படாது, வயிற்றில் ஓட்டை போட்டு அதிலேயே நேராகக் குழாய் வைத்துவிடலாம் என்கிறார். வைத்தபின் வாய்க்கு வேலை இல்லை. எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். சிலருக்கு எடுத்துவிடுவோம், சிலருக்கு அப்படியே இருக்கும் என்றார்.

"வேண்டாம்," என்றாள் ரஞ்சிதம். டாக்டர் என்னைப் பார்த்தார். "வேண்டாம்," என்றாள் மறுபடியும், இந்த முறை என்னைப் பார்த்து. "நான்... மேசையில... உக்காந்து சாப்பிடணும்."

கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. வியாழக்கிழமை ஷமீமா சோதிப்பாள். கெட்டித் தயிர்ப் பதத்தில் ஒரு சின்னக் கிண்ணம் முழுவதும் இறங்கி, குரல் காய்ந்தே இருந்தால் வாய்வழியே ஆரம்பிக்கலாம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வயிற்றில் குழாய்.

ஜூலை 15, திங்கள்

காலையிலிருந்து பயிற்சி. புதிய ஸ்பூனிலும் புரையேறுகிறது. எல்லாவற்றையும் முன்னைவிடத் தெளிவாகத்தான் சொன்னேன். தலை சாய்ந்துவிடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டும் சொன்னேன். மூன்றாவது ஸ்பூனுக்கு அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"சார், நீங்க கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்களேன்," என்றாள் ஷமீமா.

"எதுக்கு?"

"சும்மா சார். பாத்துக்கலாம்."

வராந்தாவில் நின்றேன். திரும்பக் கூப்பிட்டபோது கிண்ணத்தில் கால் பங்கு காலியாகியிருந்தது. இருமல் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றாள். "விழுங்குறது தானா நடக்குற வேலை சார். அதை ஒவ்வொரு படியா சொல்லச் சொல்ல அம்மா யோசிக்கிறாங்க. யோசிச்சா தொண்டை இறுகிப்போகுது. உங்களைப் பாத்ததுமே கழுத்து விறைக்குது. கூட உக்காந்து சாதாரணமா வீட்டுக் கதை பேசுற மாதிரி யாராவது இருந்தா கொடுக்கச் சொல்லுங்க. பொம்பளைங்க யாரும் இல்லையா?"

"இல்ல," என்றேன்.

நேற்றுப் பிறந்த பெண் எனக்குக் கற்பிக்கும் முறை பற்றிப் பாடம் எடுக்கிறாள். கால் பங்கு இறங்கியது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

சாயங்காலம் மறுபடி முயன்றேன். புரையேறியது. வாய்க்குள் கிடந்ததை வழித்து எடுத்துவிட்டு, பிடித்திருந்த அவள் கையையும் விட்டுவிட்டேன். அவள் குழாயைப் பிடுங்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இன்று காலை ரஞ்சிதம் தானாகவே பேசினாள். மெல்ல, மூச்சு வாங்கி வாங்கி.

"அக்காவக் கூப்பிடுங்க."

"அவங்க உன்ன என்ன பண்ணினாங்கன்னு தெரியுமா?"

"நாந்தான் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"பிரெட்டு. பால்ல தோச்சி... குடுன்னு. அக்கா மாட்டேன்னா. நான் அழுதேன்."

அன்றைக்கு மைனி அவளைப் பார்த்துத் தலையை அசைத்தது கண்முன் வந்தது.

"அத எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல, ரஞ்சிதம்."

முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"உங்ககிட்ட கேட்டா," என்றாள், "அதுக்கு... அர்த்தம் சொல்லுவீங்க."

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நான் வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தக் கட்டுரையில் வெண்ணெய் உருகுவதைப் பற்றி மட்டும் மூன்று பத்தி இருந்தது. ஒரு வாரமாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நாக்கில் படாதவளுக்கு அதை இரண்டு முறை படித்திருக்கிறேன். இதழாசிரியருக்குப் போன் போட்டு, கட்டுரையைப் போட வேண்டாம் என்று சொன்னேன். ஏன், நன்றாகத்தானே இருக்கிறது என்றார். நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் கோளாறு என்றேன்.

ஜூலை 17, புதன்

அடுத்த கட்டில் அம்மாவிடம் ரஞ்சிதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சாயர்புரத்துக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுக என்ன பேசுவது என்று தயார் செய்தேன். முன்னுரை, காரணம், வருத்தம், வேண்டுகோள் என்று நான்கு பகுதியாகப் பிரித்து வைத்திருந்தேன்.

மைனி வாசலில் ஈரத் துணி பிழிந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தார். நான் தனியாக வந்து நிற்பதற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"நல்லா இருக்கா மைனி. நல்லா இருக்கா," என்றேன். நான்கு பகுதியும் மறந்துவிட்டது.

அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"போன் எடுத்தா என்ன தம்பி? தெனமும் அடிச்சேனே. செத்தாளா பொழச்சாளான்னுகூடத் தெரியாம கெடந்தேன்."

"தப்புதான்."

"சரி விடுங்க. காப்பி குடிக்கியளா?"

"அவதான் கேட்டாளாம். சொன்னா. நீங்க ஏன் மைனி அன்னைக்கே சொல்லல?"

மைனி துணியை எடுத்து உதறினார்.

"சொல்லி என்ன செய்ய? நோயில கெடக்குறவள நீங்க ஏசுவிய. என்னைன்னா ஏசிட்டு அனுப்பிருவிய, அவ்வளவுதான. நான் வீட்டுல வந்து அழுதுக்கிடுவேன். அவ எங்க போயி அழுவா?"

சண்டை போட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

"நானும் செய்யக் கூடாததத்தான் செஞ்சேன்," என்றார். "பிரெட்டுதானன்னு நெனச்சேன். எங்க அப்பா சாகக் கெடக்கும்போதும் அதத்தான் குடுத்தோம். இனிமே நான் அவ பக்கத்துலயே ஸ்பூன் எடுத்துட்டுப் போமாட்டேன் தம்பி. கை நடுங்குது."

"நீங்கதான் குடுக்கணும் மைனி. நான் குடுத்தா இறங்க மாட்டேங்குது."

நாளைக்கு என்ன நடக்கப் போகிறது, இறங்காவிட்டால் வெள்ளிக்கிழமை என்ன செய்வார்கள் என்று சொன்னேன். மறுபடியும் தப்பான வழியில் போனால் இந்த முறை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். மைனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். கதவைப் பூட்டும்போது கை நடுங்கியது உண்மைதான்; சாவியை நான் வாங்கிப் பூட்டினேன்.

ஜூலை 18, வியாழன்

காலையில் ரஞ்சிதத்தை வார்டை ஒட்டிய பயிற்சி அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மைனிக்கு ஷமீமா சொல்லிக்கொடுத்தாள். எவ்வளவு எடுப்பது, எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது. மைனி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேசலாமா?" நீங்க பேசலாம், வாயில இருக்கும்போது அம்மா பேசக் கூடாது என்றாள் ஷமீமா. நான் ஒரு திருத்தம் சொல்ல வாயைத் திறந்தேன். ஷமீமா என்னைப் பார்த்தாள். நானே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டாக்டரும் உள்ளே போனார். வராந்தாவில் நான் மட்டும்தான். ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தேன். ஒரு வாக்கியம் முழுதாக வரவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள்.

மைனியின் குரல்தான் கேட்டது. சாயர்புரத்தில் பக்கத்து வீட்டுக்காரி புதுசாக மாடி எடுத்த கதை. படிக்கட்டு வைக்க மறந்துவிட்டார்களாம். "இப்ப ஏணி போட்டு ஏறுதாவ, ஏட்டி. அவ மாமியா மேல ஏறினவ எறங்கமாட்டேன்னு உக்காந்துட்டா." நடுவில் ஒரு அமைதி. பிறகு ரஞ்சிதத்தின் 'ஆ'. கதவுக்கு இந்தப் பக்கம் அது காய்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா என்று தெரியவில்லை. மறுபடி கதை. மறுபடி அமைதி. 'ஆ'.

ஒரு தடவை இருமல் வந்தது. என் கை கதவின் பிடிக்குப் போய்விட்டது. உள்ளே போய், தாடையை இறக்கு என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறக்கவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மெதுவா" என்றார் மைனி. "அந்த மாமியாள எறக்க ஆளு வந்துட்டு, கேளு." இருமல் நின்றது. 'ஆ' என்று கேட்டது. பிறகு ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது.

கடைசியில் கிண்ணம் வழிக்கும் சத்தம் கேட்டது.

"வெறும் 'ஆ' போதாதும்மா," என்றார் டாக்டர். "ஏதாவது பேசச் சொல்லுங்க ஷமீமா. நாலஞ்சு எழுத்து இருக்குற மாதிரி."

"அம்மா, சார் பேர் என்ன? உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க."

பதில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ரஞ்சிதம் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மற்றவர்களிடம் 'அவுக'. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூட என்னைக் கைகாட்டிவிட்டாள். வேறு ஏதாவது கேளுங்கள் என்று கதவைத் தட்டிச் சொல்ல நினைத்தேன்.

"சொல்லுட்டி," என்றார் மைனி. "கேக்காவல்ல. இங்க நாங்கதான இருக்கோம். அவுக இல்ல."

நான் கதவின் பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

"மாசிலாமணி," என்றாள் ரஞ்சிதம்.

ஐந்து எழுத்தும் தனித்தனியாக, ஈரம் இல்லாமல், கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. ஷமீமா வந்து கதவைத் திறந்து, "குழாய் வேண்டாம் சார்" என்று சொன்னாள். எனக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.